ஏர் கன் அடித்த கம்ப்யூட்டர்

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஏர் கன் அடித்துப் போகாத அழுக்கு இந்த உலகத்தில் கிடையாது. கம்ப்ரஸரிலிருந்து ஒரு டியூப் வரும், அதன் நுனியில் துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்கும், அமுக்கினால் 'புஸ்ஸ்' என்று காற்று அடிக்கும். மெஷினில் பஞ்சா, அடி. தைக்கிற துணி பீஸில் நூல் பிசிரா, அடி. சாயந்திரம் ஷிப்ட் முடிந்தால் ஆட்கள் வரிசையாக நின்று, ஒருவர் தலையிலும் சட்டையிலும் இன்னொருவர் காற்றடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். (எங்கள் அப்பா ஒருமுறை சாமி படத்துக்கே அடித்தார். படம் விழுந்தது, கண்ணாடி போனது, நம்பிக்கை மட்டும் போகவில்லை.) அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு என் அக்காவுக்குக் கிடைத்த ஒரு நல்ல வாய்ப்பைக் கெடுத்தவன் நான். இருபது வருஷம் ஆகப்போகிறது. சொல்ல இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேலம்பாளையத்தில் அப்பாவுக்கு ஒரு சின்ன எம்ப்ராய்டரி யூனிட். பனியன் கம்பெனிகள் பீஸ் கொடுத்தால் அதில் பூ, பொம்மை, எழுத்து என்று மெஷினில் போட்டுக் கொடுப்போம். அதற்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். அதை மட்டும் வெளியே ஒரு டிசைனரிடம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். சுமதி அக்கா காலேஜ் முடித்த கையோடு ஆறு மாதம் வகுப்புக்குப் போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தாள். அப்பா லேசில் நம்புகிற ஆளில்லை.

"ஒரே ஒரு டிசைன் பண்ணிக் காட்டு அம்மிணி. பையிங் ஆபீஸ்ல ஓகே பண்ணீட்டாங்கன்னா இனி நம்ம டிசைன் பூராவும் உன்ற பொறுப்பு. பண்ணுலீன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது" என்றார்.

பையிங் ஆபீஸ் என்பது வெளிநாட்டுக் கம்பெனிக்காக இங்கே உட்கார்ந்து சாம்பிள் பார்த்துச் சரி சொல்கிற இடம். அக்காவுக்குக் கிடைத்தது குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு ஒரு யானைக்குட்டி. காதுக்கு மட்டும் நாலு நிறத்தில் நூல். மூன்று வாரம் சோறு தண்ணி பார்க்காமல் அதோடு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை காலை சாம்பிள் போயாக வேண்டும்.

அவள் வேலை செய்தது யூனிட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில். யானையைத் திறந்தால் அது உறைந்து நின்றுவிடும். கடைசி வாரத்தில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்பா, இது இழுத்துக்கிட்டுக் கெடக்குதுங்க. புதுசு ஒண்ணு வாங்கீரலாமுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். (அந்த மூன்று வருஷத்தில் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது.)

"ஏன் கண்ணு, நீ என்ன சொல்றே?"

என் மனசு முழுக்க வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. நண்பன் வீட்டில் ஒரு கார் ரேஸ் கேம் பார்த்திருந்தேன். மழையில் ரோடு பளபளக்கும், கார் கண்ணாடியில் வானம் தெரியும். அதை ஆடாமல் செத்துப்போனால் இந்தப் பிறவியே வீண் என்று நினைத்திருந்த வயசு. புதுக் கம்ப்யூட்டர் வந்தால் ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கேமுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டும் அதில் இருக்காது. பழசையே அப்கிரேடு செய்தால் பார்ட்ஸ் வாங்கப் போகிறவன் நான். புத்தி போன போக்கைப் பாருங்கள்.

"புதுசு எதுக்குங்கப்பா? நம்ம பழைய தையல் மெஷினுக்கு மோட்டார் மாத்துனமே, இப்பப் புதுசாட்டமே ஓடுதில்லீங்களா? அப்படித்தானுங்க இதும். ரேம் கொஞ்சம், கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டாப் போதுமுங்க. நூல் கலரு அச்சு அசலாத் தெரியும்."

"கலரு தெரியற கார்டா?" அப்பா முகம் மலர்ந்தது. அக்கா மட்டும் நம்பவில்லை.

"நெசமாவாடா?"

"படிக்கிறது நானா, நீயா?" என்றேன். இந்த ஒரு வார்த்தைக்காகவே என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலையில் கோயமுத்தூர் போய் வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனுஷன். "உங்க பழைய எஸ்.எம்.பி.எஸ். இந்தக் கார்டைத் தாங்காதுங்க தம்பி, அதையும் மாத்தீருங்க" என்றார். எஸ்.எம்.பி.எஸ். என்பது உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற டப்பா. அதை வாங்க வேண்டிய காசில் நான் கேம் ஆட ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கினேன்.

மத்தியானம் கார்டை மாட்டினேன். கேமைப் போட்டேன். என் கார் ரேஸ் ஆரம்பிக்கிற கோட்டில் வந்து நின்றது. மழை பெய்தது. மூன்று, இரண்டு, ஒன்று... திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி அதே கோட்டில் அணைந்தது. பெட்டியை மறுபடி திறந்து பார்த்தால், கார்டு மாட்டுகிற அவசரத்தில் நான் கண்டுகொள்ளாத பஞ்சு, ஒரு தலையணைக்கு ஆகும். ஃபேன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இதுதான் கோளாறு என்று கண்டுபிடித்த பூரிப்போடு ஏர் கன் டியூபை இழுத்து வந்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா, பொளந்து வெச்சிருக்கே? டிசைனை ஃப்ளாப்பியில காப்பி எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்க்கா."

எடுக்கவில்லை. சுத்தம் பண்ணிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பத்து நிமிஷத்தில் உண்மையாகப் போகிற பொய்தானே என்று நினைத்தேன்.

எங்கள் மெஷின் ஆபரேட்டர் முத்துராஜ் அண்ணன் தூத்துக்குடிப் பக்கம். கையில் டீயோடு வந்தவர் பதறிப்போனார். "தம்பி, கம்ப்ரஸர் டேங்குல தண்ணி சேந்து கெடக்கு. காலைல யாரும் தொறந்து விடல. வடிச்சிட்டு அடிங்க. பிளக்கையும் புடுங்கிருங்க."

"எல்லாம் எனக்குத் தெரியுமுங்கண்ணா" என்றேன். ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டுமே, அதனால் கம்ப்யூட்டரை ஆன் செய்து வைத்துக்கொண்டே அமுக்கினேன்.

முதலில் பஞ்சு பறந்தது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் எண்ணெயும் தண்ணீரும் கலந்து பீய்ச்சியடித்தது. 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். முத்துராஜ் அண்ணன் ஓடிப்போய் மெயினை இறக்கினார். பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "செத்துட்டு தம்பி" என்றார்.

ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எஸ்.எம்.பி.எஸ். போயிருச்சுங்க. போறப்போ போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாத்தையும் சேத்திக் கூட்டிட்டுப் போயிருச்சு. இத்தனை பஞ்சு அடைச்சிருந்தா எந்தக் கம்ப்யூட்டருங்க வேகமா ஓடும்? ஒரு பெயிண்ட் பிரஷ்ல தட்டிவிட்டிருந்தாலே இன்னும் ரெண்டு வருசம் ஓடியிருக்குமுங்க." அதாவது அப்கிரேடும் வேண்டியதில்லை, புதுசும் வேண்டியதில்லை.

அக்கா என்னைப் பார்த்து, "காப்பி எடுத்தேன்னியே, அந்த ஃப்ளாப்பி எங்கடா?" என்றாள். "எடுக்கலக்கா" என்றேன். அவள் யானை வரைந்த தாளை எடுத்துக்கொண்டு, தான் படித்த இடத்துக்குப் போய், ஞாயிறு பகல் முழுக்க முதலிலிருந்து செய்தாள். திங்கட்கிழமை காலையில் ஒரு காதுதான் முடிந்திருந்தது. பையிங் ஆபீஸில் வேறொரு யூனிட்டின் யானைக்கு ஓகே சொல்லிவிட்டார்கள்.

அப்பாவிடம் போய், "தப்பு எம்மேலதானுங்க, அக்காமேல ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"உன்ற தப்புதான். ஆனா சாம்பிள் போகலையே. சொன்னது சொன்னதுதான்" என்றார். அடுத்த டிசைன் வெளி டிசைனருக்கே போனது. அதே மாதம் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றும் வந்து ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தது. அதில் சரக்கோடு அனுப்புகிற டெலிவரி சலான் மட்டும் அடித்தோம்.

அக்கா என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கேமை ஒரு தடவையாவது முழுசா ஆடினியாடா?"

"இல்லக்கா. காரு கோட்டைக்கூடத் தாண்டுல."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா சிரித்தார், அப்பாகூடச் சிரித்தார், கடைசியில் நானும் சிரித்தேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

நாலு மாதம் கழித்து அவிநாசி ரோட்டில் ஒரு டிசைன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்தவர்களுக்காகப் பத்து வருஷம் வரைந்த பிறகுதான் சொந்தமாக ஒன்று ஆரம்பித்தாள். வீட்டிலேயே அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது.

அந்தக் கேள்வி மட்டும் எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. மாமா கடன் வாங்கிக் கார் எடுத்து, ஓட்டத் தெரியாமல் நிறுத்தி வைத்திருந்தபோது அம்மா கேட்டார்: "ஒரு தடவையாவது ஆடினியா?" ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாத என்னிடம் என் மனைவி கேட்கிறாள். கதையே தெரியாத என் மகள்கூடக் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரிப்போம், அக்காவும் சிரிப்பாள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்டதே இல்லை.