தளம் காயாத தளபதி

"இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அந்தப் பின் அறையைப் பிடிக்கல, என்னைத் தளபதின்னு கூப்பிடாதே!"

ஞாயித்துக்கிழமை காலையில சாப்பாட்டு மேசையை ஓங்கிக் குத்திச் சபதம் போட்டாரு கணவர். மனைவி ஊசியில நூல் கோத்துக்கிட்டே நிமிராம சொன்னா: "முதல்ல பல்லு விளக்குங்க. நடுவரா வர்றது பல் டாக்டர்."

தளபதின்னதும் ஏதோ ராணுவத்துல இருக்காருன்னு நினைச்சுடாதீங்க. அச்சகத்துல எழுத்துப்பிழை திருத்தற வேலை. ஈ அடிச்சது கூட ஆபீஸ்லதான். ஆனா வீட்டுல மேசைப்போர் ஆடுவாரு. கட்டைவிரல் உயரப் பொம்மை வீரனுங்களை அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி, ஒருத்தன் படையை ஒருத்தன் சாய்க்கற விளையாட்டு. பொம்மை சாயாம நிக்க காலடியில ஒரு வட்டத் தட்டு ஒட்டணும். அதுதான் தளம். அது மேல மணல் தூவினா பாலைவனம், வெள்ளைத்தூள் போட்டா பனிமலை. இவ்வளவுதாங்க விஷயம். எந்த ஊரு மண்ணுல தன் படை நிக்கணும்னு அந்த மனுஷன் மூணு மாசமா யோசிக்கறாரு! நாட்டைப் பிடிச்சவன் கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டான்.

இதுல பின் அறை எங்க வந்துச்சு? சொல்றேன். மனைவி தையல்காரி. மெஷின் சமையலறை வாசல்ல கிடக்கு. "என்னக்கா, கோட்டுல வெங்காய வாசனை அடிக்குதே"ன்னு போன வாரம் ஒரு அம்மா துணியைத் திருப்பியே குடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னும் ரெண்டு பேரு அப்படிப் போனா தொழிலே படுத்துடும். நியாயமா அந்த அறை யாருக்குப் போகணும்? இதுல பேச்சே இல்ல. ஆனா நம்மாளு அதைப் 'போர் அறை' ஆக்கியே தீருவேன்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. கடைசியில அவளே ஒரு வழி சொன்னா.

"உங்க விளையாட்டுலயே மோதிப் பாத்துடலாம். ஜெயிச்சவங்களுக்கு அறை."

"தோத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும் அறைதான். கன்னத்துல."

கீழ்வீட்டு பல் டாக்டர் தன் பழைய பொம்மைங்களை அவளுக்கு இரவல் குடுத்தாரு. அவ ஒரே மூச்சுல அத்தனையையும் கறுப்புக் கோட்டு பட்டன்ல ஒட்டி ஜன்னல்ல காய வெச்சுட்டுத் தைக்கப் போயிட்டா. மணலும் கிடையாது, பனியும் கிடையாது.

"பட்டன் படையா!" தளபதி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

சிரிச்சவரு ஒண்ணை மறந்துட்டாரு. அவரே போட்ட சட்டம்: 'தளம் காயாத வீரன் களம் இறங்கக் கூடாது.' முன்னொரு தடவை டாக்டரோட ஈர வீரன் ஒருத்தன் இவரு குதிரை வால்ல ஒட்டிக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டான். அன்னிக்குக் கோவத்துல போட்டது.

காலையில மணல் ஒட்டி முடிச்சாச்சு. தளபதிக்கே கண்ணு கலங்கிடுச்சு, அவ்வளவு அழகு. டீ கொண்டு வந்தவ குனிஞ்சு பாத்தா.

"நல்லாருக்குங்க. ம்..."

"என்ன ம்?"

"ஒண்ணுமில்ல. எல்லாரும் கம்பளிக் கோட்டு போட்டிருக்காங்க. பாலைவனத்துல வேர்க்காது?"

பிழை திருத்தறவங்களுக்கு இது ஒரு வியாதி. யாராவது 'ம்'னு இழுத்தா போதும், எங்கயோ பிழை இருக்குன்னு கை அரிக்கும். எல்லாத்தையும் பேத்தாரு. பனி ஒட்டினாரு.

மத்தியானம் சாப்பாடு வைக்க வந்தா. "பனியா? ஜோரு! ம்... இந்த வில்லுக்காரன் மட்டும் வெறுங்காலோட நிக்கறான், பாவம். விறைச்சுடாது?"

பேத்தாரு. கல் தரை போட்டாரு.

"அட, நம்ம பாத்ரூம் மாதிரியே இருக்கே!"

பேத்தாரு. மணி நாலு தாண்டியாச்சு. மரத்தூள்ல பச்சை சாயம் கலந்து புல்வெளி போட்டாரு. அவ வந்தா. பாத்தா. ஒண்ணுமே சொல்லல. திரும்பிப் போயிட்டா.

"ஏய்! ஏதாவது சொல்லு!"

"நான் சொல்லி நீங்க எப்ப கேட்டிருக்கீங்க?"

அது அஞ்சு நிமிஷம் மண்டைக்குள்ள குடைஞ்சுது. அதையும் பேத்தாரு! மறுபடி பசை. மறுபடி மணல். அஞ்சே முக்கால். முடி காய வைக்கற மெஷினை எடுத்துப் பிடிச்சாரு. மணல் பறந்து கண்ணுல விழுந்துச்சு. படை பாதி சாஞ்சுது. அந்த நேரம் பாத்து காலிங் பெல்.

டாக்டர் வந்தாரு. கண்ணாடியை மாட்டினாரு. பட்டன் படையைத் தட்டினாரு. கல்லு மாதிரி நின்னுச்சு. தளபதி படையில ஒருத்தன் தளத்தை விரலால தொட்டாரு. ஆளே விரலோட ஒட்டிக்கிட்டு மேல வந்துட்டான்.

"மெதுவா டாக்டர்! என்ன பல்லா பிடுங்கறீங்க?"

"வேர் ஆடுது தளபதி. சட்டம் நீங்க போட்டதுதான். காஞ்ச ஆளு ஒருத்தனாவது இருந்தா ஆட்டம் உண்டு. இல்லேன்னா தங்கச்சி ஜெயிச்சாச்சு."

தளபதி மேசைக்கு அடியில பாஞ்சாரு. அங்க, நாற்காலிக் கால் ஓரத்துல, ஒத்தைக் குதிரை வீரன்! காலையில உருண்டு விழுந்தவன். முதல் மணல் அப்படியே இருக்கு. எலும்பு மாதிரி காஞ்சிருக்கு!

"ஒருத்தன் போதும்டா! பட்டன் படையைத் தவிடுபொடி ஆக்கறேன் பாரு!"

டாக்டர் தொட்டுப் பாத்துத் தலையாட்டினாரு. பகடையைக் கையில எடுத்தாச்சு. வீடே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. பின் அறைக் கதவு திறந்து கிடக்கு. மனைவி மெல்ல வந்து குதிரை வீரனைக் குனிஞ்சு பாத்தா.

"ம்..."

"என்ன ம்?"

"ஒண்ணுமில்லீங்க. ஓரத்துல ஒரே ஒரு மணல்... துருத்திக்கிட்டு இருக்கோ?"

"எங்க?"

மூளை 'தொடாதே'ன்னு கத்துச்சு. கட்டைவிரல் நகம் கேக்குமா? இத்தனை வருஷம் பிழை திருத்தின நகமாச்சே. லேசா நெம்புச்சு.

டக்.

தளம் தனியா, குதிரை தனியா.

டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. கொஞ்ச நேரத்துல புருஷனும் பொண்டாட்டியுமா தையல் மெஷினைப் பின் அறைக்குள்ள தூக்கிட்டுப் போனாங்க. கனமான பக்கம் தளபதிக்கு.

"உண்மையைச் சொல்லு"ன்னு மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டாரு. "அந்த மணல்ல என்னதான் குறை?"

"ஒரு குறையும் இல்லீங்க. காலையில வெச்சதே பிரமாதம்."

"அடிப்பாவி! அப்ப நான் தளபதியே இல்லையா?"

அவ ஒரு கோட்டையும் பட்டன் டப்பாவையும் அவரு மடியில வெச்சா.

"தளம்தான் போச்சே. இனிமே வெறும் பதிதான். உக்காந்து பட்டன் தைங்க."