அமெரிக்கக் காலகட்டக்காரர்

ரொறன்ரோவில் தமிழ்ப் புத்தகம் வெளியிடும் எந்த மண்டபத்துக்குப் போனாலும், முன்வரிசையின் ஓரக் கதிரையில் காலகட்டக்காரர் என்றொரு பிராணி உட்கார்ந்திருக்கும். அது புத்தகம் வாசிக்காது. புத்தகம் எந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வடை தின்னும்போது உங்களுக்குப் பக்கத்தில் நின்றது அதுதான்.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பக்கத்துச் சண்முகலிங்கம் இந்த இனத்தின் அசல். அமெரிக்க இலக்கியத்தின் காலகட்டங்கள் அவருக்கு வரிசையாகப் பாடம். அவற்றில் எழுதப்பட்ட ஒரு பக்கம்கூடத் தெரியாது. தெரிந்து என்ன செய்ய? மனைவி தெய்வநாயகி வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடுதான் என்றால் அது தூய்மைவாதிகள் காலம். மருமகன் வேலையை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நாட்டின் மறுகோடியிலுள்ள வன்கூவர் போனால், ஊர்சுற்றி எழுதிய பீட் தலைமுறை. பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர் காட்டுக்குள் கூடாரமடித்து, போனை அணைத்துவைத்துவிட்டு வந்தால், இயற்கையில் தன்னைத் தேடும் ஆழ்நிலைவாதம். வாசலில் முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடக்கும்போது, சூழலின் கையில் மனிதன் வெறும் பொம்மை என்ற இயற்பண்புவாதக் கொள்கைப்படி அவர் சோபாவிலேயே இருப்பார்.

"அப்ப உந்தப் பனியை ஆர் வழிக்கிறது?" என்பார் தெய்வநாயகி.

"உது யதார்த்தவாதக் கேள்வி."

இப்படிப்பட்டவரை, கவிஞர் பிரசாந்தினியின் முதல் தொகுப்புக்கு விமரிசனம் செய்யக் கூப்பிட்டுவிட்டார்கள். அழைப்பிதழில் பெயரும் வந்துவிட்டது. மேடையில் குட்டு உடைந்தால் இனி எந்த மண்டபமும் அவரைத் திரும்பிப் பார்க்காது. வாசித்துவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? இத்தனை வருடம் கட்டிக்காத்த கொள்கை என்னாவது? வாசலில் புத்தகத்தை வாங்கி, அட்டையைப் பார்த்து, மேடையேறுவது என்று தீர்மானித்தார்.

ஒரே கட்டடத்தில் இரண்டு மண்டபங்கள். அவசரத்தில் அவர் நுழைந்தது மற்றதில். அங்கே நடந்தது, காலமான இரத்தினவேல் என்பவரின் முப்பத்தோராம் நாள் மதியபோசனம். வாசலில் கொடுத்தது, நம்மவர் வழக்கப்படி இறந்தவரின் படம் போட்டு அச்சடித்த நினைவுமலர். அந்த வீட்டாரோ, தகப்பனின் பழைய சிநேகிதர் ஒருவர் வந்து பேசுவார் என்று, முகம் தெரியாத ஒருவருக்காகக் காத்திருந்தார்கள்.

"வாங்கோ அண்ணை, உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்," என்று மகன் கையைப் பிடித்து மேடைக்கே கொண்டுபோய் விட்டான்.

அதுதான் பிரசாந்தினியின் தொகுப்பு என்று எண்ணி, சண்முகலிங்கம் மலரைப் புரட்டினார். தேவாரம், வம்சவழி, நன்றி நவிலல், கடைசி அட்டையில் வீட்டுத் தரகர் ஒருவரின் சிரித்த முகம்.

"தேவாரத்துக்குப் பிறகு வம்சவழி, அதுக்குப் பிறகு வீடு விக்கிற விளம்பரம். கதையைத் துண்டுதுண்டாய் உடைச்சிருக்கிறா. சுத்தப் பின்நவீனத்துவம்," என்றார். சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவருக்கு அது பாராட்டாகவே பட்டது. "ஆனால் ஒரு குறை. கதாநாயகன் முதல் பக்கத்திலையே செத்துப்போறார். ஒரு காரணமும் இல்லை. அமெரிக்க யதார்த்தவாதிகள் உதை ஒத்துக்கொள்ளமாட்டினம். அந்த மனிசனை இன்னும் கொஞ்சக்காலம் உயிரோடை விட்டிருக்கலாம்."

இரத்தினவேலின் மனைவி இராஜேஸ்வரி கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"தம்பி, நானும் உதைத்தானே ஒரு மாசமாய்ப் பிள்ளையாரிட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். கொஞ்சக்காலம் விட்டிருக்கலாம்தானே."

மண்டபமே அழுதது. சண்முகலிங்கத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வாயில் ஒரு காலகட்டமும் வரவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கியவரின் கையை இராஜேஸ்வரி பிடித்துக்கொண்டார்.

"அவரை உங்களுக்கு நல்லாய்த் தெரியுமோ?"

"ஆளைத் தெரியாது அம்மா," என்றார் பாவம், உண்மையாகவே. "காலகட்டம்தான் தெரியும்."

"ஓம் தம்பி. பொல்லாத காலகட்டம்தான்."

பக்கத்து மண்டபத்துக்குப் போய்விட்ட பழைய சிநேகிதர், பிரசாந்தினிக்கு அருமையான இரங்கலுரை ஆற்றியதாகவும், பிரசாந்தினியே கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியதாகவும் கேள்வி. சண்முகலிங்கத்துக்கு இப்போது முப்பத்தோராம் நாட்களில் பேச ஏகப்பட்ட கிராக்கி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வெளியீட்டு விழாவில் வாங்கிய புத்தகம், இன்னும் உங்கள் காரின் பின்சீட்டில்தானே கிடக்கிறது? அதை எழுதியவரைக் கடையில் கண்டபோது, "நல்ல நடை" என்று சொன்னது யார்?