செல்லம்மாவின் ஆடும் எம்.ஏ. வகுப்பும்

எனக்கு வாயால் பொய் சொல்ல வராது. எழுதச் சொன்னால் வரும்.

எங்கள் கரும்புத் தோட்டத் தீவில் முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், லோவுவில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா, சிகடோகாவில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு கனடாவுக்கே போய்விட்டாள். (அப்போது நிறையப் பேர் அப்படித்தான் சொல்லாமல் கிளம்பினார்கள்.) அவளுடைய ஆடு ராஜாவை எங்கள் மாமரத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். மறு ஞாயிறே என் வீட்டுக்காரர் அதைக் குழம்பு வைத்துவிட்டார்.

ராஜா எப்படி இருக்கிறான் என்று கேட்டுச் செல்லம்மா கடிதம் போட்டாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் வருஷக்கணக்கில் பதில் எழுதினேன். ஆடு கொழுத்தது, வேலி தாண்டியது, இரட்டைக் குட்டி போட்டது, பேத்தியும் எடுத்தது. டெலிபோன் வந்ததும் கடிதம் நின்றது. ராஜா பேச்சு வருமே என்று பயந்து, நான் போனை எடுப்பதையும் விட்டேன். சிநேகிதமும் போயிற்று, எழுத்தும் போயிற்று.

வெகுகாலம் கழித்து லௌடோகாவில் எம்.ஏ. படிப்பவர்களுக்குக் கதைப் பட்டறை நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். இல்லாததை எழுதுவதற்கு அப்படி என்னதான் படிக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. தமிழ்நாட்டு வாத்தியார் ஒருவர் பரிதாபப்பட்டு ஒரு நாற்காலி கொடுத்தார். அங்கே ஒரு சட்டம்: கதையைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கென்றே போட்ட சட்டம் போலிருந்தது.

ஆட்டைத் தின்ற கதையை, பெயர்கூட மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் அதை இங்கிலீஷில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கனடாவிலிருந்து படிக்க வந்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

"மௌசி, எங்க அம்மா பேரும் செல்லம்மாதான்," என்றாள். (இங்கே சின்னம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) "எங்க ஆட்டு பேரும் ராஜா."

நான் வாயைத் திறந்தேன். "நீங்க பேசக் கூடாதும்மா," என்றார் வாத்தியார். ஆயுசில் முதல் தடவையாகப் பேசத் துடித்த நேரம் அது.

அதற்குள் அவள் போனைப் போட்டு, விஷயத்தைச் சொல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்துவிட்டாள்.

"ஏண்டி, ராஜாவத் தின்னுட்டீங்களா?" செல்லம்மாவின் குரல்.

"கொஞ்சந்தான்," என்றேன்.

"அது கெடாடி. கெடா எப்புடி ரெட்டக் குட்டி போடும்? அந்தக் காயிதம் வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

எழுதுகிற ஆசையில் நான் அதை யோசிக்கவே இல்லை. "பின்ன ஏன் கேட்டுக்கிட்டே இருந்தே?"

"இங்க பனியில வேற என்னா இருக்கு? உன் காயிதம் வந்தா நம்ம ஜனம் பூரா எங்க வீட்டுல கூடிரும். நீ பாட்டுக்கு நிறுத்திப்புட்டே. அந்தப் பேத்திக்கு மாப்பிள கெடச்சானா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல."

இப்போது மாதம் ஒரு கடிதம் போகிறது. பேத்திக்குச் சவேனியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன். வீட்டில் ஆட்டுக்கறி சமைத்தால் என் மகன் தட்டில் கை வைப்பதற்கு முன்னால் கேட்கிறான்: "அம்மா, இது ராஜாவுக்கு என்ன முறை?"