பால் பொங்காத அடுக்களை

வீடு கட்டியவனிடம் வீட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நிறுத்த மாட்டான். நானோ அடுக்களைக்குத் திட்டம் போட்டவன். பாறசாலைச் சந்தையில் என் தலையைக் கண்டதும் மீன் வாங்காமலேயே திரும்பிப் போனவர்கள் உண்டு.

செங்கல் என்கிற ஊரில் நாங்கள் வீடு கட்டும்போது மற்ற அறைகளை எல்லாம் மேஸ்திரி பாடு என்று விட்டுவிட்டேன். அடுக்களை மட்டும் என் பொறுப்பு என்று அறிவித்தேன். (சமையலில் எனக்குள்ள பரிச்சயம் பால் விடாத கட்டஞ்சாயாவோடு தீர்ந்தது. அதையும் என் மனைவி பிந்து குடிக்க மாட்டாள்.) தினமும் வேலை விட்டு வந்ததும் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். அடுக்களைக்கு எமன் புகையும், பொங்கி வழிவதும்தான். ஆகவே விறகு கிடையாது, கேஸ் கிடையாது. ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் அப்படியே நிற்கும் என்று சொல்லிவிட்டேன். அப்போது எங்களுக்குப் பிள்ளையே பிறந்திருக்கவில்லை.

பிந்து கேட்டது ஒன்றே ஒன்று. பின்பக்கம் ஒரு விறகடுப்பு. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விறகில் வெந்தால்தான் அவளுக்குத் தொண்டையில் இறங்கும். சுவர் கரிபிடித்தால் ஆயுசு குறையும் என்று நான் ஒரு பிரசங்கம் வைத்தேன். அவள் வெள்ளை ஓடு பதித்த சுவரைத் தடவிப் பார்த்து, "இது அடுக்களையா, பிரசவ வார்டா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த அடுப்பில் என் பெருமையெல்லாம் பாலுக்கென்று இருந்த தனிப் பொத்தானில்தான். அதை அமுக்கினால் பால் காயும், ஏறி வரும், ஆனால் ஒருக்காலும் பொங்காது. வந்தவர் போனவர் எல்லாரிடமும் "இந்த அடுக்களையில எந்தக் காலத்திலயும் பால் பொங்காதாக்கும்" என்று சொல்லிக்கொண்டே பால்காய்ச்சுக்கு நாளும் குறித்தேன். புது வீட்டில் பால் பொங்கி வழிந்தால்தான் குடியேறலாம், அதுவும் கிழக்குப் பக்கமாக வழிந்தால் விசேஷம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டும் என் மண்டைக்குள் வேறு வேறு அறைகளில் இருந்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

குறித்தது மிதுனத்தின் கடைசி நல்ல நாள். அதைத் தவறவிட்டால் கர்க்கடகம், நம்ம ஆடி. அந்த மாதத்தில் ஒருவரும் புது வீட்டில் குடியேற மாட்டார்கள். வாடகை வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. அன்றைக்குப் பால் பொங்காவிட்டால் ஒரு மாதம் முழுக்கக் காஞ்சிரங்குளத்தில் மாமியார் வீட்டில்தான் வாசம். மாமியார் நல்லவர்தான். விடியும் முன்னே எழுந்து, மருமகன் எழுந்துவிட்டானா என்று ஜன்னல் வழியாகப் பார்க்கும் வகை நல்லவர்.

அவர் புது மண்பானையை மடியில் வைத்துக்கொண்டே வந்து இறங்கினார். வாங்கி அடுப்பில் வைத்தேன். அடுப்பு கீச் கீச் என்று கத்தி அணைந்தது. மண்பானையை இதற்குத் தெரியாது மாமி, இரும்பு கலந்த பாத்திரம்தான் வேண்டும் என்று விளக்கினேன்.

"பானையத் தெரியாதோ?" என்று மாமியார் அடுப்பைக் குனிந்து பார்த்தார். "பின்ன இதுக்கு யாரத்தான் தெரியும்?" பானை மறுபடியும் மடிக்குப் போயிற்று.

இரும்பு அடி வைத்த பாத்திரத்தில் பாலை ஊற்றி, ஊரே பார்க்கும்படி விரலை உயர்த்தி, பால் பொத்தானை அமுக்கினேன். பெண்கள் குரவையிடத் தயாராக நின்றார்கள். பிந்துவின் தாய்மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் பார்க்கும் வேலை அவருக்கு.

நுரை ஏறியது. குரவை கிளம்பியது. நுரை விளிம்பைத் தொட்டதும் அடுப்பு கீச் என்றது. நுரை இறங்கியது. குரவையும் பாதியில் இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி குரவை, மறுபடி கீச். கொஞ்ச நேரத்தில் பெண்களுக்கும் பாலுக்கும் ஒரு தாளமே அமைந்துவிட்டது. கிழக்குப் பக்கம் ஒரு சாய்வு கண்டேன் என்று கூட்டத்தில் யாரோ இரக்கப்பட்டுச் சாட்சி சொன்னார்கள். சாய்ந்தால் போதாது, வழிய வேண்டும் என்று மாமா தள்ளுபடி செய்தார்.

எனக்கு வியர்த்துவிட்டது. கண்ட பொத்தானையெல்லாம் அமுக்கினேன். அதில் ஒன்று, குழந்தைகள் கை வைக்காமலிருக்க அடுப்பைப் பூட்டும் பொத்தான். பூட்டிக்கொண்டது. எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. அடுப்பு என்னை எடைபோட்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மாமா வாட்சைத் தட்டினார். "நேரம் கழியப் போவுது மக்கா. ஏறுதா, இறங்குதா? ஒண்ணு சொல்லு."

பிந்து வந்தாள். "கொஞ்சம் மாறி நில்லுங்க" என்றாள். பாலைத் தூக்கி அம்மாவின் மடியிலிருந்த பானையில் ஊற்றிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். வெளியே மழை கொட்டியது. கார் போர்ச்சில், பளபளவென்று நான் தேர்ந்தெடுத்த தரையோட்டின் மேல், மிச்சம் கிடந்த செங்கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தாள். ஆசாரி விட்டுப்போன மரத்துண்டு கொஞ்சம் கிடந்தது. தீ பிடிக்க ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டாள். அது இண்டக்‌ஷன் அடுப்பு வந்த பெட்டி. (பூட்டைத் திறக்கும் வழி அச்சடித்த புத்தகமும் அதற்குள்தான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது.)

ஒரே புகை. எல்லாரும் இருமினார்கள். பால் ஏறியது, கீச் என்று தடுக்க யாருமில்லை, பொங்கிக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. பெண்கள் அதுவரை பாதி பாதியாக விழுங்கியதையெல்லாம் சேர்த்து ஒரு குரவை இட்டார்கள் பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் எங்கேயோ ஓடிப்போயிற்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொன்னேன். புகை இல்லை. காஞ்சிரங்குளம் தப்பியதே, அந்த ஆறுதல்.

மழை முடிந்ததும் அந்த அடுப்பைப் பின்பக்கம் மாற்றுவதாக இருந்தது. வருஷம் பல ஆயிற்று, இன்னும் மாற்றவில்லை. போர்ச்சில் மரச்சீனி வேகிறது. கார் மழையில் நிற்கிறது. உள்ளே என் அடுக்களை ஒரு கீறல் இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. விருந்தாளிகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். நீடித்து உழைக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். நீடிக்கிறது. உழைக்கத்தான் இல்லை.

போர்ச் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எங்கேயாவது போக வேண்டுமானால் பிந்து என்னைத்தான் கூப்பிடுவாள். "இஞ்ச வந்து நில்லுங்க. நிங்க நின்னா பொங்காது." நானும் போய் நிற்பேன். நேற்றும் நின்றேன். போனில் ஒரு வீடியோ, படிக்கட்டுக்கு அடியில் எப்படி ஸ்டோர் ரூம் அமைக்கலாம் என்று. பால் பொங்கி, தீயை அணைத்து, தரையெல்லாம் ஓடிவிட்டது.

பிந்து ஓடிவந்தாள். பாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்தேன். அவள் வாயருகே கையை வைத்து நீளமாக ஒரு குரவை இட்டாள்.

விருந்துக்கு வந்திருந்த மாமியார் உள்ளேயிருந்து கேட்டார்: "கெழக்கோட்டா மக்கா?"