சூரியனை நம்பி வைத்த பால்

எதிரில் நிற்பவரிடம் "இல்லீங்க" என்று சொல்ல எனக்கு வராது. "சரிங்க" என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு வீட்டையே கட்டி முடித்தவன் நான்.

மலைமேல், குண்டனி நாடு என்று சொல்லும் ஊர்ப்பகுதியில், எங்கள் மிளகுத் தோட்டத்துக்குள் வீடு. பிளான் போட நாமக்கல்லிலிருந்து ஒரு இன்ஜினியர் தம்பி வந்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவர் கையில் லேப்டாப். அதற்கு மேல் நான் பேசுவேனா?

"நாலு பக்கமும் காத்துப் போற மாதிரி ஜன்னல் வெக்கிறோம்ணா. உங்களுக்கு ஏசியே வேண்டாம்" என்றார்.

(எங்கள் மலையில் மத்தியானமே ஸ்வெட்டர் போடுவோம். ஏசியை நான் கீழே பேங்கில்தான் பார்த்திருக்கிறேன்.)

"சரிங்க" என்றேன்.

"மாடியில தெக்குப் பாத்து சோலார். வெயில் சூப்பரா அடிக்குதுங்கண்ணா."

அடித்தது உண்மைதான். மிளகுக்கொடி ஏறும் சில்வர் ஓக் மரங்களை அந்த வாரம்தான் கவ்வாத்து செய்து, கிளைகளைக் கழித்துவிட்டிருந்தேன். அவை தழைத்தால் மாடியே மூடிவிடும் என்று சொல்ல வாய்வரை வந்தது. படித்தவருக்குத் தெரியாதா என்று விழுங்கிவிட்டேன்.

"எதுக்கும் கரண்டுக்கு எழுதிக் குடுங்க" என்றாள் மனைவி செல்வி. மாட்டேன் என்றேன். (அவளிடம் மட்டும் எனக்கு அது நன்றாக வரும்.) போதாததற்கு, கிரகப்பிரவேசப் பத்திரிகையில் 'சூரிய சக்தியில் பால் காய்ச்சுதல்' என்றும் அச்சடித்தேன்.

வீடு கட்டும் மும்முரத்தில் அடுத்த வருடம் கவ்வாத்தை மறந்தேன். மரங்கள் மறக்கவில்லை.

விசேஷத்தன்று பத்தரைக்குள் பால் பொங்க வேண்டும். பத்து மணிக்குக் கரண்டு அடுப்பு மூன்று முறை கூவிவிட்டு அணைந்தது. நிழலிலேயே கிடந்த சோலார், பேட்டரியை நிரப்பவே இல்லை.

"மாப்ள, சூரியன் இன்னும் வேலைக்கு வரலீங்களா?" என்றார் செல்வியின் அண்ணன்.

"இதா வாரேனுங்க மச்சான்" என்று அரிவாளோடு மரத்தில் ஏறினேன். கல்யாணத்தில் பெண்ணையே நிமிர்ந்து பார்க்காத கூச்சக்காரன் நான். அன்று மொத்தச் சொந்தமும் என் புது வேட்டியை அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தது.

நாலு கிளை விழுந்ததும் சோலார் மேல் வெயில் பட்டது. "செல்வி, அடுப்பப் போடு" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் சோலார் மறைந்தது, பிறகு வீடு, பிறகு என் கால். இறங்கவும் பயம்.

பனிக்குள்ளிருந்து புகை வாசம் வந்தது. பின்னாலேயே, "பொங்கிருச்சு, பொங்கிருச்சு" என்ற சத்தம். கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டிச் செல்வி பாலைப் பொங்க வைத்துவிட்டாள். விறகு, முன்பு நான் கழித்துப்போட்ட அதே சில்வர் ஓக் கிளைகள்.

"ஏனுங்க, எறங்கி வாங்க. எல்லாரும் குடிச்சாச்சு. உங்க பங்கு ஆறுது."

இப்போது வாசலில் கரண்டுக் கம்பம் நிற்கிறது. ஜன்னல்களில் பாதியைச் சாக்கு வைத்து அடைத்திருக்கிறோம். மச்சான் வீட்டில் காபி தாமதமானால் சின்னக் குழந்தைகூட, "மாமா மரத்துல ஏறிட்டாரா?" என்று கேட்கிறது.

போன மாதம் அந்த இன்ஜினியர் தம்பி போன் செய்தார். "நம்ம சோலார் ஊட்டப் பாக்க நாலு பேர் வாராங்கண்ணா. காட்டலாமுங்களா?"

செல்வி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க" என்றேன்.

அவள் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.