சிவிங்கிகளின் கோவணம்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காடு எங்கே முடிந்து பல்கலைக்கழகம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது அங்கே படித்தவர்களுக்கே சரியாகத் தெரியாது.

அங்கே நப்பின்னை என்றொரு கீரி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பழங்காலத்து அரசவையைக் கணினிக்குள் உருவாக்குவது அவள் வேலை. தலையில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சிங்கராஜாவின் சபைக்குள் போய் நிற்கலாம். சபையில் யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதற்கு மலைக்குகையில் இருந்த சிற்பம் ஒன்றுதான் ஆதாரம். நப்பின்னை குகையிலேயே பழியாய்க் கிடந்தாள். ஒவ்வொரு மடிப்பாக அளந்தாள். நடக்கும்போது பருத்தித் துணி எப்படி அசையும், வாலுக்கு எங்கே ஓட்டை விட்டிருப்பார்கள் என்பதுவரை யோசித்து, கணினியிலேயே உடைகளைத் தைத்து முடித்தாள்.

அது வெயில் காடு. சிற்பத்தில் ராஜாவுக்கே இடுப்பில் ஒரு துண்டுதான். பல்லக்குத் தூக்கிய கழுதைகளுக்கும் சாமரம் வீசிய நரிகளுக்கும் கோவணம்.

முதலில் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. "ராஜாவோட முப்பாட்டனாருக்கு வெல்வெட் அங்கி போடணுமாம்."

"அந்தக் காலத்துல வெல்வெட்டே கிடையாதுங்க."

"இப்போ இருக்குல்ல?"

நப்பின்னை தன் வழிகாட்டியான பேராசிரியர் ஆமையைப் பார்த்தாள். அவர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து, "போட்டுடும்மா" என்று குரல் மட்டும் வந்தது.

அடுத்து கழுதைகள் சங்கம் கொடியோடு வந்தது. தலைவர் கந்தப்பர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எங்க முன்னோருக்குக் கோவணம் கட்டிவிட்டிருக்கியாமே?"

"நான் கட்டலைங்க. சிற்பத்துல இருக்கு."

"செதுக்கினது யாரு?"

"மரங்கொத்தி."

"அதானே பார்த்தேன். அவனுகளுக்கு எப்பவும் எங்க மேல ஒரு கண்ணு. நாங்க ஆண்ட பரம்பரைம்மா."

"எதை ஆண்டீங்க?"

கந்தப்பர் கொஞ்சம் யோசித்தார். "அதை நீதான் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிக்கணும். உனக்கு எதுக்கு உதவித்தொகை குடுக்கறாங்க?"

கழுதைகளுக்குப் பட்டு வந்தது. அதைக் கேள்விப்பட்டு நரிகள் வந்தன. அவர்களுக்குப் பட்டோடு ஒரு கிரீடமும். எருமைகளுக்கு இரண்டு கிரீடம், கொம்புக்கு ஒன்றாக. கடைசியில் ராஜா கண்ணாடியை மாட்டிப் பார்த்தபோது சபை முழுக்க ராஜாக்களாக இருந்தார்கள். பல்லக்கு மட்டும் தூக்க ஆளில்லாமல் தரையில் கிடந்தது. உள்ளே அவருடைய முப்பாட்டனார், டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி வெல்வெட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

பல்லக்கு நகராவிட்டால் பட்டம் கிடையாது என்று அரண்மனை சொல்லிவிட்டது.

சரி, நாமே முன்மாதிரியாக இருப்போம் என்று நினைத்தாள் நப்பின்னை. பாவம், அவளுக்கு வயசு அப்படி. சொந்த இனமான கீரிகளுக்குக் கோவணம் கட்டிப் பல்லக்குக்கு அடியில் நிறுத்தினாள். மறுநாள் விடிந்ததும் தாய்மாமன் வந்து நின்றார். கீரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"ஏண்டி, ஊருக்கெல்லாம் பட்டு, நம்மாளுக்குக் கோவணமா?"

"கோவணம் கட்டினா என்ன மாமா? உழைச்சவங்கதானே? அதுல என்ன அசிங்கம்?"

"அசிங்கமில்லைன்னா கழுதைக்குக் கட்டு. உன்னைப் பொண்ணு பார்க்க வர்றவன் கண்ணாடியை மாட்டிப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுவான்."

"போகட்டும்."

"உனக்குச் சரி. உன் தங்கச்சிக்கு?"

துறைக் கூட்டம் கூடியது. எல்லாச் சங்கங்களும் ஒரே நேரத்தில் பேசின. நப்பின்னைக்குக் கோபம் தலைக்கேறியது. மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. சிவிங்கிப்புலிக்குக் கட்டிவிடுங்க கோவணத்தை. இந்தக் காட்டுல அவங்க இனமே அழிஞ்சுபோச்சு. சண்டைக்கு வர ஒருத்தரும் இல்லை பாருங்க."

பேராசிரியர் ஆமையின் தலை மெதுவாக வெளியே வந்தது. அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"அருமையான கண்டுபிடிப்பு" என்றார்.

"ஐயா, நான் கிண்டலுக்குச் சொன்னேன்."

"ஆராய்ச்சி அப்படித்தாம்மா ஆரம்பிக்கும்."

கந்தப்பர் கைதட்டினார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே சிவிங்கிகள் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தன. துணி அத்தனை அழகாக அசைந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்க் காட்டிலிருந்து ஒரு கொக்கு வந்திருந்தார். நப்பின்னை எழுந்து நின்று நேராகச் சொல்லிவிட்டாள்: "ஐயா, அந்தச் சிற்பத்துல சிவிங்கியே கிடையாது."

"இருக்கட்டும். சிவிங்கிகள் தரப்பிலிருந்து ஆட்சேபம் ஏதாவது வந்ததா?"

"எப்படி வரும்? அவங்கதான் இல்லையே."

"வந்ததா, வரலையா?"

"வரலை. ஆனா நான் ஆட்சேபிக்கிறேன்."

கொக்கு மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சிவிங்கியா?"

"இல்லை."

"அப்போ உட்காருங்க, டாக்டர் நப்பின்னை. வாழ்த்துகள்."

நீதி: முன்னோர் என்ன உடுத்தினார்கள் என்பது பின்னோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஆகவே, படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அழிந்துபோகாமல் இருங்கள்.