எடுக்கவில்லை, வடித்தேன்

சிற்பப் படக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தாராசுரம், புள்ளமங்கை மாதிரி சோழர் கோயிலுக்குச் சாயங்காலம் போனால் பார்க்கலாம். வெறுந்தரையில் குப்புறக் கிடப்பார். மயங்கி விழுந்துவிட்டாரோ என்று தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். கேமரா நனைந்தால் ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்.

கும்பகோணம் மதிவாணன் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. "போட்டோ எடுத்தீங்களா சார்?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

"எடுக்கலைங்க. வடிச்சேன்."

சிற்பி செதுக்கியது பாதிதானாம். மீதியை நாலேகால் மணி வெயில் பக்கவாட்டில் வந்து செதுக்குமாம். அந்த நேரம் பார்த்து இவர் பிடிக்காவிட்டால் சோழர்கள் பட்ட பாடு அத்தனையும் வீணாம்.

அந்த வெயிலைச் சிலையின் முகத்துக்குத் திருப்ப ஒரு தெர்மகோல் அட்டை வேண்டும். அட்டையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வேறெதற்கு மனிதன் கல்யாணம் செய்துகொள்கிறான்? முப்பத்திரண்டு வருடமாக மனைவி ஜெயபாரதிதான் பிடிக்கிறார்.

"மேல தூக்கு. சாய்ச்சுப் புடி. உன் நிழல் துர்க்கை மேல விழுது பாரு, தள்ளு."

"நீங்க இப்பத்தான் வடிக்கிறீங்க. நான் காலையிலேயே வடிச்சு, குழம்பும் வச்சுட்டு வந்துட்டேன். சீக்கிரம் ஆகட்டும்."

அடுத்த மாதம் மதிவாணனுக்கு அறுபது. திருக்கடையூரில் மணிவிழா. மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்காவிட்டால் அறுபது ஆனதை யார் நம்புவது? ஃப்ளெக்ஸ் கடை ஃபஹத் காலையில் போன் செய்தார்.

"சார், உங்க படம் வந்துடுச்சு. அம்மா படம்? இன்னிக்கு ராத்திரி பிரிண்டுக்குப் போகணும் சார்."

மதிவாணன் கம்ப்யூட்டரைத் திறந்தார். பதினாலாயிரம் படங்கள். துர்க்கை இருநூறு கோணத்தில், யாளியின் பல்வரிசை, நந்தியின் மூக்கு மட்டும் தனியே. ஜெயபாரதி? அட்டை விளிம்பில் நாலு விரல். ஒரு தூணோரம் புடவைத் தலைப்பு. ஒன்றில் நிழல், அதையும் 'கெட்டுப்போனவை' என்ற பெயரில் ஒதுக்கியிருந்தார். ஆதார் படத்தைப் போடலாம்தான். போட்டால், தேடப்படும் குற்றவாளி என்று ஊரே திரும்பிப் போய்விடும்.

மத்தியானம்வரை தேடினார். சாப்பிடக் கூப்பிட்ட மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

நாலேகாலுக்குக் கொல்லையில் அவரை நிறுத்தினார்.

"இடுப்பை லேசா ஒடிச்சு, கழுத்தைச் சாய்ச்சு நில்லு பாரதி."

"முட்டி வலிக்குதுங்க. நேராத்தான் நிப்பேன்."

"கண்ணைச் சிமிட்டாத."

"நான் என்ன கல்லா?"

மதிவாணன் கேமராவை இறக்கினார். மறுபடி தூக்கினார். "பாதி முகம் இருட்டா விழுதே" என்று முனகினார்.

ஜெயபாரதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அட்டையை யாருங்க புடிக்கிறது?"

மதிவாணன் கேமராவை ஸ்டூலில் வைத்து, பத்து விநாடிக்கு டைமரை முடுக்கிவிட்டு, ஓடிப்போய் அட்டையை அவரே தூக்கிப் பிடித்தார். பத்து விநாடிக்கே தோள் கடுத்தது.

சிரித்துக்கொண்டுதானே படித்தீர்கள்? சரி, உங்கள் செல்போனை எடுங்கள். வாசல் கோலம், பக்கத்து வீட்டுப் பூனை, டபரா காபி எல்லாம் இருக்கும். ஒரே வீட்டில் உங்களோடு இருப்பவரின் முகம், உங்களைப் பார்த்தபடி, தனியாக, ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே எழுந்திருங்கள். அவர் பக்கத்து அறையில்தானே இருக்கிறார்? வெளிச்சம் சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை.